பொம்மைக் கச்சேரிக்கு வாத்தியம் சேர்ப்பவர்களுக்கு

பொம்மைகளுக்கு வாத்தியம் சேர்க்கத் தொடங்குகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: வாத்தியத்தைப் பார்த்து வாங்காதீர்கள், அதைப் பிடிக்கப்போகிற கையைப் பார்த்து வாங்குங்கள். கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக இருக்கும்போது எந்தக் குட்டி வீணையும் அழகுதான். பொம்மையின் மடியில் வைத்த பிறகுதான் மற்றதெல்லாம் தெரியவரும். குடம் பொம்மையின் வயிற்றை மறைக்கிறதா, சுரைக்காய் தொடையில் உட்காராமல் வெளியே தொங்குகிறதா, மீட்ட வேண்டிய விரல் தந்திக்கு எட்டுகிறதா என்று அப்போதுதான் பார்க்க முடியும்.

கேளம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி இருக்கிறது. மேல்தட்டில் அம்மா வீட்டிலிருந்து வந்த கொலுவின் கச்சேரி செட். கீழ்த்தட்டுகளில் என் மகன் விளையாடி விட்டுப்போன ஆக்‌ஷன் ஃபிகர்கள். கையில் துப்பாக்கியோ வாளோ இருந்தவர்களுக்கெல்லாம் இப்போது வாத்தியம் கிடைத்துவிட்டது. வருடம் முழுக்க அங்கே ஒரு கச்சேரியோ கல்யாண ஊர்வலமோ நடந்துகொண்டே இருக்கும். நவராத்திரிக்கு வருகிற குழந்தைகள் படியில் இருக்கும் சாமிகளைப் பார்த்துவிட்டு நேராக இந்த அலமாரிக்குத்தான் போகிறார்கள்.

உலகத்தில் இந்தச் சேகரிப்புக்கு ஏற்கெனவே ஒரு வழக்கம் உண்டு. 1964-இல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன் பொம்மையைக் கொண்டுவந்தபோதுதான் ஆக்‌ஷன் ஃபிகர் என்ற பெயரே புழக்கத்துக்கு வந்தது. அது ஏறக்குறைய 12 அங்குல உயரம். ஆளில் ஆறில் ஒரு பங்கு. 1978-இல் ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மூன்றே முக்கால் அங்குலத்தில் வந்தன. அது பதினெட்டில் ஒரு பங்கு. நம் ஊரில் 1980-களின் இறுதியிலிருந்து சென்னையின் எம்.ஆர்.எஃப். குழுமத்தைச் சேர்ந்த ஃபன்ஸ்கூல் விற்ற ஜி.ஐ. ஜோக்கள் அந்தச் சின்ன அளவுதான். என் வயதுக்காரர்கள் பலர் வீட்டுப் பரணில் இன்னும் ஒன்றிரண்டு கிடக்கும். இப்போது அதிகம் கிடைப்பது ஆறு அங்குலப் பொம்மைகள், பன்னிரண்டில் ஒரு பங்கு. ஜப்பானின் ஃபிக்மா வரிசையில் கே-ஆன் என்ற அனிமேயில் வரும் ராக் குழுப் பெண்கள் ஆளுக்கொரு வாத்தியத்தோடு வந்தார்கள். ஆக கிட்டார், கீபோர்டு, டிரம்ஸ் வேண்டுமென்றால் அலைய வேண்டியதில்லை. மிருதங்கமும் தவிலும் வேண்டுமென்றால்தான் நாமே தேட வேண்டும், பல நேரம் நாமே செய்யவும் வேண்டும்.

அளவு பார்ப்பதற்கு நான் வைத்திருக்கும் முறை நம் பாட்டிகளின் முறை: முழம், சாண். மனிதருக்கு முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, சுமார் 18 அங்குலம். அதில் பாதி சாண். பொம்மைக்கும் அதன் முழம் உண்டு. ஒரு நூலை எடுத்துப் பொம்மையின் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வைத்து முடிச்சுப் போடுங்கள். அந்த முடிச்சுதான் அளவுகோல். வீணை ஏறக்குறைய நான்கு அடி, அதாவது இரண்டரை முழத்துக்குக் கொஞ்சம் மேல். மிருதங்கம் இரண்டடி, ஒன்றே கால் முழத்துக்கு மேல். வயலினும் கிட்டத்தட்ட அதே நீளம். அதன் வில் மட்டும் ஒன்றரை முழத்தைத் தாண்டும். பாரி நாதஸ்வரம் இரண்டு முழம். கஞ்சிரா ஒரு சாணுக்குள் அடங்கும். பறை ஒன்றரைச் சாண் அகலம். இந்தக் கணக்கு மனதில் இருந்தால் கடையில் நின்று வகுத்துப் பெருக்க வேண்டியதில்லை. சட்டைப்பையில் முடிச்சுப் போட்ட நூல் இருந்தால் போதும்.

உயரத்தை வைத்து அளப்பதைவிட இது நம்பகமானது என்பதற்குக் காரணம் உண்டு. கொலு பொம்மைகளுக்குத் தலை பெரிது, கிரீடம் அதைவிடப் பெரிது, கை குட்டை. உயரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டால் வாத்தியம் எப்போதும் பெரிதாகவே வந்துவிடும். கை எட்டும் தூரத்தை வைத்து அளந்தால் வாசிக்கிற பாவனை சரியாக அமையும். உயரத்தை வைத்துத்தான் பார்க்க முடியும் என்றால், உட்கார்ந்த பொம்மையின் உயரத்தைக் கிரீடம் நீக்கி இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். தரையில் உட்கார்ந்தால் மனித உயரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும் அல்லவா? தஞ்சாவூரில் விற்கும் அரையடி வீணை, நிஜ வீணையில் எட்டில் ஒரு பங்கு. ஆறு அங்குலப் பொம்மைக்கு அது மிகப் பெரிது, பன்னிரண்டு அங்குலப் பொம்மைக்குச் சிறிது. ஆனால் நான்கு அங்குல உயரத்தில் உட்கார்ந்திருக்கும் மண் சரஸ்வதிக்குக் கச்சிதமாக இருக்கும். தஞ்சை வீணை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தக் குட்டி வீணைகளை விற்பவர்களும் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள்.

குட்டி வீணை வாங்கும்போது பார்க்க வேண்டியவை: குடம் வாசிப்பவரின் வலப்பக்கம், சுரைக்காயும் யாளி முகமும் இடப்பக்கம். சுரைக்காய் இடது தொடையில் அமர வேண்டும். மெட்டுகள் 24 இருக்க வேண்டியதில்லை, அந்த அளவில் யாராலும் செதுக்க முடியாது. ஆனால் மெட்டே இல்லாமல் வீணை என்று ஒன்றை நீட்டினால் அது தம்புராவின் உடம்பாக இருக்கலாம். தம்புராவுக்கு மெட்டும் கிடையாது, சுரைக்காயும் கிடையாது, நான்கு தந்திதான். வீணைக்கு மேலே நான்கு, பக்கவாட்டில் தாளத்துக்கு மூன்று, ஆக ஏழு. குட்டி வீணையில் பக்கத் தந்தி மூன்றையும் போட்டிருக்கிற ஆசாரியைப் பார்த்தால் விலை பேசாமல் வாங்கிவிடுவேன்.

ஆக்‌ஷன் ஃபிகரைக் கச்சேரி மேடையில் ஏற்றுவதில் பெரிய சிக்கல் வாத்தியத்தில் இல்லை, சம்மணத்தில் இருக்கிறது. இந்தப் பொம்மைகள் ஓடவும் உதைக்கவும் செய்யப்பட்டவை. கிட்டார்க்காரர் நின்றுகொண்டு வாசிக்கலாம். வீணைக்காரரும் மிருதங்கக்காரரும் தரையில் உட்கார்ந்தாக வேண்டும். அதனால் பொம்மை வாங்கும்போதே முழங்காலில் இரட்டை மூட்டு இருக்கிறதா, தொடை பக்கவாட்டில் விரிகிறதா, கணுக்கால் உள்பக்கம் சாய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முழுச் சம்மணம் வராத பொம்மைக்கு ஒரு வழி இருக்கிறது. பழைய மல் வேட்டியில் ஒரு துண்டு கிழித்துக் கரையோடு இடுப்பில் கட்டிவிட்டால் முழங்கால் வரை மறைந்துவிடும். மடக்கிய கால் அரைகுறையாக இருந்தாலும் பார்ப்பவருக்குச் சம்மணமாகவே தெரியும். கீழே விரிக்க பவானி ஜமுக்காளத்தின் கோடு போட்ட துணியில் ஒரு சின்னத் துண்டு போட்டால் மேடையும் ஆயிற்று.

கைகளிலும் கவனம் வேண்டும். ஆறு அங்குலப் பொம்மைகள் பலவற்றுக்கு மாற்றுக் கைகள் கூடவே வரும்: மூடிய முஷ்டி, ஆயுதம் பிடிக்கும் கை, விரித்த கை. ஆயுதம் பிடிக்கும் கை வயலின் வில்லுக்கும் தவில் கழிக்கும் ஆகும். மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் இரண்டு பக்கமும் விரித்த கை வேண்டும், அதிலும் விரல்கள் லேசாக மடங்கியிருந்தால் நல்லது. பெட்டியைத் திறந்ததும் மாற்றுக் கைகளை எங்கேயாவது போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்கு வாத்தியத்தைவிட அவைதான் முக்கியம். பிடி இறுக்கமாக இருந்தால் கையைக் கழற்றிக் கொதிக்காத வெந்நீரில் சற்று நேரம் போட்டு எடுங்கள். பிளாஸ்டிக் இளகும், வில்லை நுழைத்துவிட்டுத் தண்ணீரில் ஆறவிடலாம். பிடி தளர்வாக இருந்தால் ஒரு துளி தேன்மெழுகு போதும். பசை போட்டு ஒட்டாதீர்கள். ஒட்டிவிட்டால் அந்தப் பொம்மை ஆயுசுக்கும் ஒரே வாத்தியத்தோடு நின்றுவிடும்.

இனி மிருதங்கம். கடைகளில் கிடைக்கும் குட்டி மிருதங்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு முகத்திலும் நடுவில் கறுப்பு வட்டம் போட்டிருப்பார்கள். கரணை எனப்படும் அந்தக் கறுப்பு வட்டம் வலப்பக்க முகமான வலந்தலையில் மட்டும்தான். இடப்பக்கத் தொப்பியில் கச்சேரிக்கு முன்னால் ரவையைப் பிசைந்து அப்புவார்கள், முடிந்ததும் வழித்து எடுத்துவிடுவார்கள். தொப்பி முகம் வலந்தலையைவிடப் பெரிது. ஆகவே வாங்கிய மிருதங்கத்தில் சின்ன முகம் எது என்று பார்த்து அதை வலப்பக்கம் வையுங்கள். பெரிய முகத்தில் கறுப்பு வட்டம் இருந்தால் அதன்மேல் தோல் நிறத்தைப் பூசி, காய்ந்த பின் நடுவில் வெள்ளை அக்ரிலிக் வண்ணத்தில் கொஞ்சம் மைதா குழைத்துச் சிறு திட்டாக வையுங்கள். ரவை அப்பியது போலவே சொரசொரப்பு வரும். இதைச் செய்த பிறகு மிருதங்கம் கற்கிற பக்கத்து வீட்டுப் பையன் அலமாரி முன் நின்று, “அங்கிள், தொப்பிக்கு ரவை போட்டிருக்காரு!” என்று கத்தினான். அன்று எனக்குக் கிடைத்த சந்தோஷம் கொஞ்சமல்ல.

வயலினை நம்மவர் பிடிக்கும் விதம் உலகத்தில் வேறு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் கர்நாடக இசைக்கு அதைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு. உட்கார்ந்து, வயலினின் சுருள்முனையை வலது பாதத்தில் ஊன்றி, அடிப்பாகத்தை மார்பில் சாய்த்து வாசிக்கிறோம். பொம்மை உலகத்தில் இது பெரிய உதவி. நின்று வாசிக்கும் பொம்மைக்குத் தாடைக்கும் தோளுக்கும் நடுவே வயலின் நிற்கவே நிற்காது. நம் முறையில் மார்பும் பாதமும் தாங்கிக்கொள்ளும், பசையே வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முன் கடைகளில் மரத்தில் தொங்கவிடும் வயலின், டிரம்பெட், மணி எல்லாம் குவிந்திருக்கும். விரல் நீளத்துக்குச் சற்று மேல், பத்து சென்டிமீட்டர் இருந்தால் பன்னிரண்டு அங்குலப் பொம்மைக்கு, அதில் பாதி இருந்தால் ஆறு அங்குலத்துக்கு. தொங்கவிடும் கொக்கியை மட்டும் குறட்டால் எடுத்துவிடுங்கள்.

தவிலையும் நாதஸ்வரத்தையும் பற்றிச் சொல்லும்போது எனக்கு நிறுத்த மனம் வராது. எங்கள் ஊரிலிருந்து தெற்கே போனால் திருப்போரூர் கந்தசுவாமி கோயில். கோவளம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயில். இரண்டுமே கல்யாணமும் மேளமும் ஓயாத இடங்கள். அங்கே தவில்காரரின் வலக்கையைப் பாருங்கள். விரல்களில் கூடு போட்டிருப்பார். துணியைப் பசையில் தோய்த்து விரலில் சுற்றிக் காயவைத்துக் கல்லாக்கிய உறை. இடக்கையில் குட்டையான தடித்த கழி. பொம்மைக் கல்யாண செட்டுகளில் தவில்காரர் இரண்டு கையிலும் குச்சி வைத்திருந்தால் அது தவில் ஆகாது, பேண்டு வாத்தியம் ஆகிவிடும். விரல் நுனிகளில் கெட்டியான வெள்ளை வண்ணத்தை ஊசி முனையால் மொட்டு மொட்டாக வைத்துவிட்டால் கூடு வந்துவிடும். பார்ப்பவர்கள் முதலில் கவனிக்காமல் போகலாம். கோயில் மேளத்தோடு வளர்ந்தவர் ஒருவர் வந்து நின்றால் அவர் கண் நேரே அங்கேதான் போகும்.

நாதஸ்வரத்தில் நான் மிகவும் ரசிப்பது அதன் மேல்முனையில் தொங்கும் சின்னக் கொத்து. வாயில் வைத்து ஊதும் மாற்றுச் சீவாளிகள், அவற்றைச் சரிசெய்யும் ஊசி எல்லாம் நூலில் கோத்துத் தொங்கும். கடையில் வாங்கும் எந்தக் குட்டி நாதஸ்வரத்திலும் இது இருப்பதில்லை. நான் செய்வது இப்படி: பழைய ஓவியத் தூரிகையின் கைப்பிடி கூம்பாகவே இருக்கும், அதில் பொம்மையின் இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டிக்கொள்கிறேன். அடியில் விரிந்த வாயான அணைசுக்கு ஜோடி பிரிந்த ஒரு குட்டி ஜிமிக்கியின் கிண்ணம். நிஜ அணைசு மரம் என்பதால் அதையும் தண்டையும் ஆச்சா மரத்தின் கருஞ்சிவப்பில் பூசுகிறேன். விரல் துளை ஏழு, குண்டூசியைச் சூடாக்கி ஒரே கோட்டில் குத்த வேண்டும். கீழே மெழுகால் அடைக்கும் துளைகள் ஐந்து உண்டு. ஆறு அங்குலப் பொம்மையின் வாத்தியத்தில் அவற்றைப் புள்ளியாக வைத்தால் போதும். கடைசியாக, காய்ந்த வெங்காயத் தோலைத் துளித் துளியாக நறுக்கிக் கறுப்பு நூலில் கட்டித் தொங்கவிட்டால் சீவாளிக் கொத்து. அதன் நிறமும் கோடும் நிஜச் சீவாளிக்கு அவ்வளவு நெருக்கமாக இருக்கிறது.

இங்கே காலமும் பார்க்க வேண்டும். நீளமான பாரி நாதஸ்வரம் புழக்கத்துக்கு வந்தது 20-ஆம் நூற்றாண்டில், டி.என். ராஜரத்தினம் பிள்ளை கேட்டு நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி உருவாக்கிக் கொடுத்ததிலிருந்து. அதற்கு முன்பு குட்டையான திமிரிதான். எனவே பழங்காலக் கோயில் ஊர்வலம் என்று செட் வைக்கிறவர்கள் நாதஸ்வரத்தைக் குட்டையாகவே வையுங்கள். பல்லவர் காலம் என்றால் இன்னும் மாறும். மாமல்லபுரம் பெரும்பாறைச் சிற்பத்தில் கின்னரர்களைத் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்துச் சிற்பங்களில் வீணை என்பது சுரைக்குடுக்கை வைத்த ஒரு தண்டுதான், மார்போடு சேர்த்துப் பிடிப்பது. மடியில் கிடத்துகிற, பலாமரக் குடம் வைத்த வீணை பிற்காலத்தது. தண்டு வீணையைச் செய்வது மிகச் சுலபம்: ஒரு மூங்கில் குச்சி, பாதியாக வெட்டிய ஒரு மர மணி, ஒரு கம்பி.

மேல்நாட்டு வாத்தியங்களின் பொம்மைகள் மலிவாகக் கிடைக்கின்றன, நம்முடையது கிடைக்கவில்லை என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். கர்நாடக மேடையில் சாக்ஸபோன் ஏறியிருக்கிறது. கத்ரி கோபால்நாத் வாழ்நாள் முழுக்க அதில் ராகம் வாசித்தார். சாக்ஸபோன் வைத்திருக்கும் பொம்மையை உட்காரவைத்து, நெற்றியில் விபூதி குங்குமம் இட்டு, பக்கத்தில் வயலினும் மிருதங்கமும் வைத்தால் முறையான கச்சேரிதான். மாண்டலின் ஸ்ரீநிவாஸ் வாசித்தது ஐந்து தந்திகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலின். அதைப் பொம்மையாக யாரும் விற்பதில்லை. ஆனால் எலெக்ட்ரிக் கிட்டார் 39 அங்குலம், மாண்டலின் 27 அங்குலம் என்ற கணக்கை வைத்துப் பாருங்கள். மூன்றே முக்கால் அங்குலப் பொம்மைக்கென்று வரும் கிட்டார் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். ஆறு அங்குலப் பொம்மையின் கையில் கொடுத்தால் அது சரியான மாண்டலின் அளவு. ஆறு தந்தியில் ஒன்றை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். என் சேகரிப்பில் நான் மிக நேசிக்கும் வாத்தியம் இதுதான். குழந்தை வயதிலேயே மேடையேறி 2014-இல், 45 வயதில் மறைந்த அந்த மேதைக்கு என் அலமாரியில் ஓர் இடம் இருக்கிறது.

எங்கே வாங்குவது என்று கேட்பவர்களுக்கு: நவராத்திரிக்கு முன்னால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதி, காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு, மதுரைப் பக்கம் போனால் விளாச்சேரி. கச்சேரி செட்டைப் பொதுவாகப் பிரித்துத் தரமாட்டார்கள். ஒரு கடைக்கார அம்மா என்னிடம் நியாயமாகத்தான் கேட்டார்: “மிருதங்கக்காரரை நீங்க எடுத்துட்டுப் போனா, பாட்டுக்காரம்மாவை நான் யார்கிட்ட விக்கறது?” விஜயதசமி கழிந்த பின் போனால் உடைந்த செட்டிலிருந்து தனிப் பொம்மைகள் கிடைக்கும், விலையும் இறங்கியிருக்கும். மாமல்லபுரம் கடைகளில் மாக்கல்லில் வாத்தியம் வாசிக்கும் பிள்ளையார்கள் வரிசையாக இருப்பார்கள். அவர்களை அவர்களாகவே வையுங்கள். கல் வாத்தியத்தைப் பிளாஸ்டிக் கையில் கொடுத்தால் கனம் தாங்காமல் தோள் மூட்டு நாளடைவில் தளர்ந்துவிடும். முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது, 1996-இலிருந்து. தென்னகத்து வீடுகளையும் கைவினைகளையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். கைவினைஞர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம், கேட்கலாம். யாரும் கவனிக்காத இன்னொரு வழி, ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தப் பொம்மைகள். சுற்றுலாத் தலங்களில் தபேலா, வீணை, சித்தார் எல்லாம் காந்தத்தில் வருகின்றன. பின்னால் இருக்கும் காந்தத்தைக் கத்தி முனையால் நெம்பி எடுத்துவிடலாம். ஆனால் பின்பக்கம் தட்டையாக இருக்கும், அதனால் சுவரை ஒட்டி வைக்கும் வாத்தியத்துக்கே ஆகும்.

கொலுக் கடைகளில் கிடைக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். பறை, பம்பை, உடுக்கை. கரகாட்ட செட்டில் ஒன்றிரண்டு தென்படலாம். மற்றபடி விற்பனைக்கு வருவதில்லை. நம் இசை என்று ஓர் அலமாரியில் வைத்துவிட்டுப் பறையை வெளியே நிறுத்துவது எனக்கு ஒப்பவில்லை. அதனால் முதலில் செய்த வாத்தியங்களில் ஒன்று அது. பிளம்பர் வேலையில் மீந்த 32 மில்லிமீட்டர் பிவிசி குழாயிலிருந்து அரை சென்டிமீட்டருக்குச் சற்று அதிக அகலத்தில் ஒரு வளையம் வெட்டி, வெளிப்புறத்தை உப்புத்தாளால் தேய்த்து மரநிறம் பூசுங்கள். நிஜப் பறையின் சட்டம் மூன்று மரத்துண்டுகளை இணைத்தது. மூன்று இடத்தில் மெல்லிய கோடு போட்டால் அந்த இணைப்பு தெரியும். தோலுக்கு டிரேசிங் தாளைத் தேநீர் வடிநீரில் நனைத்து ஈரத்தோடு ஒட்டினால் காயும்போது தானாக இறுகிக்கொள்ளும். குச்சி இரண்டும் வேறு வேறு. இடக்கையில் நீளமான மெல்லிய சிண்டுக் குச்சி, வலக்கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி. ஒன்றுக்குத் தென்னங்குச்சி சரியாக இருக்கும், இன்னொன்றுக்குத் தீக்குச்சியைச் சீவிக்கொள்ளலாம். பறை நின்று ஆடி வாசிப்பது. ஓடவும் உதைக்கவும் செய்த இந்தப் பொம்மைகளின் மூட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தமான வாத்தியம் கிடையாது. ஒரு காலை மடக்கித் தூக்கி, இடுப்பை வளைத்து நிறுத்தினால் அடி கேட்கிறது போலவே இருக்கும்.

இந்தக் கரையோரம் வசிப்பவர்கள் கவனிக்க வேண்டியது உப்பு. கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகிற சாலையை ஒட்டி உப்பளங்கள், அதற்கப்பால் முட்டுக்காட்டுக் கழிமுகம், பிறகு கடல். மாலையில் கடற்காற்று வரும்போது ஜன்னலைத் திறக்காமல் இருக்க மனம் வராது. அந்தக் காற்று பித்தளைத் தாளத்தில் பச்சைக் களிம்பு ஏற்றும், இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். அதனால் தந்திக்கு நான் பயன்படுத்துவது பழுதான பொம்மை மோட்டாரின் சுருளில் இருக்கும் செப்புக் கம்பி. அதன்மேல் வார்னிஷ் பூச்சு இருப்பதால் களிம்பு ஏறாது. மயிரிழை போல மெல்லியது, பொன்னிறமும் உண்டு. தையல் நூலைத் தந்தியாகக் கட்டினால் அந்த அளவில் கிணற்றுக் கயிறு போலத் தெரியும். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையை ஈரக்காற்றில் பயன்படுத்தினால் ஒட்டிய இடத்தைச் சுற்றி வெண்படலம் படியும். மழைக்காலத்தில் மர வாத்தியங்களுக்கு ஃபெவிகால் போட்டு ஒரு நாள் பொறுத்திருப்பது நல்லது.

நவராத்திரி முடிந்து பொம்மைகளைக் கட்டி வைக்கும் சமயத்தில்தான் இங்கே வடகிழக்குப் பருவமழை பிடிக்கும். ஆகவே அவசரமாகப் பரணில் ஏற்றாதீர்கள். காற்றாடிக்கு அடியில் ஓரிரு நாள் இருக்கட்டும். பிறகு பழைய மெல்லிய பருத்தித் துணியில் தனித்தனியாகச் சுற்றுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் மை வெள்ளை வேட்டியில் ஏறும். ரப்பர் போன்ற மென்பிளாஸ்டிக் வாத்தியங்களைப் பொம்மையின் கையிலேயே விட்டுக் கட்டி வைக்கக் கூடாது. கோடைச் சூட்டில் மென்பிளாஸ்டிக்கிலிருந்து ஒருவிதப் பிசுக்கு கசிந்து பக்கத்தில் இருக்கும் வண்ணத்தைத் தின்றுவிடும். வாத்தியத்தைத் தனியே, பொம்மையைத் தனியே வைத்து, ஒவ்வொரு பொட்டலத்திலும் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். மாத்திரைப் புட்டிகளிலும் செருப்புப் பெட்டிகளிலும் வருவதைச் சேர்த்து வைத்தாலே போதும். மண் பொம்மையை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், முகப்பூச்சுத் தூரிகையால் தூசி தட்டுங்கள்.

வயலின் வில், தவில் கழி, சிண்டுக் குச்சி, மோர்சிங் ஆகியவற்றுக்குச் சின்ன ஜிப் பை வைத்து எந்தப் பொம்மையுடையது என்று எழுதிவிடுங்கள். வாத்தியத்தை யாரும் தொலைப்பதில்லை. அதோடு சேர்ந்த துணைப் பொருள்தான் காணாமல் போகும். பத்து சென்டிமீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வாத்தியத்தையும் முன்பக்கமும் அடிப்பக்கமும் படம் எடுத்துக் கைப்பேசியில் தனி ஆல்பத்தில் போடுகிறேன். மயிலாப்பூரில் ஒரு வீணையைப் பார்த்து நிற்கும்போது, இதே அளவு வீட்டில் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

அடுத்து பஞ்சமுக வாத்தியம் செய்ய வேண்டும். திருவாரூர் தியாகராஜர் கோயிலில் வாசிக்கிறார்களே, சிவனின் ஐந்து முகங்களைக் குறிக்கும் ஐந்து வாய் கொண்ட பெரிய உலோகக் குடமுழா, அது. நடுமுகம் பெரிது, சுற்றி நான்கு சிறியவை. ஆள் நின்றுகொண்டு இரண்டு கையாலும் வாசிப்பது, அதனால் சம்மணக் கவலை இல்லை. குடத்துக்கு ஒரு பிங்பாங் பந்து, வாய்களுக்கு ஐந்து குழாய்த் துண்டுகள், பித்தளை நிறம் பூசிக் கருமை ஏற்ற வேண்டும் என்பது வரை யோசித்துவிட்டேன். பந்து 4 சென்டிமீட்டர். ஆறு அங்குலப் பொம்மையின் பக்கத்தில் அது சரியா, அதைவிடப் பெரிதாக வேண்டுமா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. திருவாரூர் போய், வாசிப்பவர் பக்கத்தில் நிற்கும்போது வாத்தியத்தின் விளிம்பு அவர் இடுப்புக்கு வருகிறதா, அதற்கு மேலா, கை எவ்வளவு இறங்கி முகத்தைத் தொடுகிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் வெட்டத் தொடங்க வேண்டும்.